யார் சொன்னால் வலிக்காது

"உங்க சூப்பர்வைசர் ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுவந்து சொன்னா, அதை எப்படி எடுத்துக்குவீங்க?"

கேள்வித்தாளில் இதுதான் கடைசிக் கேள்வி. அதுவரை எல்லாவற்றுக்கும் படபடவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்த கண்ணாடியம்மா இங்கே வந்ததும் நின்றுவிட்டார். குளிர்சாதனப் பெட்டிகளின் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டைகளைச் செய்யும் தொழிற்சாலை அது. பட்டையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் விளக்குக்கு எதிரே பிடித்துக் கண்டுபிடித்துவிடுவது அவர் வேலை. தடித்த கண்ணாடியும் அந்த வேலையுமாகச் சேர்ந்து அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருந்தன. ஸ்டோருக்குப் பக்கத்தில் காலி அட்டைப்பெட்டிகளை ஒரு மூலைக்குத் தள்ளி, நேர்காணலுக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருந்த அறை. ஜன்னலைச் சாத்தினாலும் சூடான ரப்பரின் வாடை உள்ளே வந்தது. தலைமுடியில் ஏறிக்கொண்டு வீடுவரைக்கும் கூட வரும் வாடை அது.

"எங்க சார் சொன்னா எப்படின்னு கேக்குறீங்களா, வேற யாராவது சொன்னா எப்படின்னு கேக்குறீங்களா?"

"உங்க சார்னே வச்சுக்குங்க."

"அவர்னா சரி. கெட்டதுன்னாலும், அதுல எங்களுக்கு ஏதோ ஒரு வழி பாத்துட்டுதான் வந்திருப்பாருன்னு நினைப்பேன். வேற ஆள் சொல்லிப் பாக்கட்டும், உண்டு இல்லைன்னு ஆக்கிட மாட்டேனா!"

எதிரே உட்கார்ந்திருந்த சின்னவள் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் காது சூடானது. அந்த 'எங்க சார்' அவளுடைய அக்காவின் கணவர். தொழிற்சாலையில் யாருக்கும் அது தெரியாது. மேலாண்மைத் துறையில் தலைமைப் பண்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவி என்று மட்டும்தான் தெரியும். ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடிடம் மட்டும் அவள் இதை முன்பே சொல்லியிருந்தாள். "கேள்வித்தாள்ல யாரும் பேரு எழுதப் போறதில்லையே. அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுக்கலாம், விடு" என்று அவர் அடுத்த கோப்பைப் புரட்டப் போய்விட்டார்.

அப்பா அம்மா போனபிறகு சின்னவளுக்கு அக்கா வீடுதான் வீடு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது விடுதிக்குப் போகிறேன் என்றவளை, "எங்க வீட்டுச் சுவரு உன்னை என்ன கடிக்குதா?" என்று கேட்டுத் தடுத்தவர் அத்தான்தான். இருந்த இரண்டு அறைகளில் வெளிச்சமான அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, துணி காயவைக்கும் கொடியோடு புழங்குகிற மற்றதைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். ரப்பரைச் சூடாக்கி அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவர் அத்தான். முன்னங்கையில் பழைய சூட்டுத் தழும்பு பளபளவென்று இருக்கும். வேலையிடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லையாம். நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒருவர் விடாமல் இதைச் சொன்னார்கள். வீட்டிலும் அப்படித்தான். அக்கா குரல்தான் இருவருக்கும் சேர்த்து உயரும்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அத்தான், "என்ன டாக்டரம்மா, எங்க ஆளுங்களுக்கு நாடி பிடிச்சுப் பாத்தாச்சா? பொழைப்பாங்களா?" என்றார்.

"அதெல்லாம் ரகசியம் அத்தான். சொல்லக் கூடாது."

"பாத்தியா, சம்பளம் வாங்குற எங்களைவிட இவதான் கம்பெனிக்கு விசுவாசமா இருக்கா" என்று அக்காவிடம் திரும்பினார். அக்கா சிரிக்கவில்லை. "மனுஷன் மனசை மார்க் போட்டு என்னத்தைடி கண்டுபிடிக்கப் போறீங்க?" என்றாள். அக்கா எதையும் அப்படித்தான் கேட்பாள். சின்னவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்தபோது நிறுவனம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. முடிவுகளைச் சுருக்கமாக அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்காகப் போன அன்று கூட்ட அறையில் ஏசியின் குளிர் எலும்புக்குள் இறங்கியது. பிரிவுகளின் பெயர்களை மறைத்து எழுத்துகளால் குறித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஊழியர்கள் தங்கள் சூப்பர்வைசர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கம்பங்களாக வரைந்திருந்தாள். ஒரு கம்பம் மட்டும் மற்றவற்றைக் குள்ளமாக்கிக்கொண்டு நின்றது. கடைசிப் பக்கத்தில் அவள் பலமுறை அடித்துத் திருத்திய வாக்கியம் இருந்தது: 'நம்பிக்கைக்குரிய தலைவரிடமிருந்து வரும் பாதகமான செய்தியை ஊழியர்கள் குறைந்த எதிர்ப்போடும் குறைந்த மனவலியோடும் ஏற்கிறார்கள்.' கைடு அதைப் படித்த அன்று முதன்முறையாக அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்திருந்தார்.

நிறுவனத்தார் பாதிப்பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெச்.ஆர். மேடம் மட்டும் கன்னத்தில் விரலை ஊன்றிக் கடைசிவரை கவனித்தார். நரைத்த முடியைச் சாயம் பூசாமல் ஒட்ட வெட்டிக்கொண்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி.

"அப்போ செய்தி என்னங்கிறதைவிட, யார் சொல்றாங்கங்கிறதுதான் முக்கியம். இல்லையா?"

"ஆமா மேடம். ரொம்பச் சரியாச் சொன்னீங்க" என்றாள் சின்னவள். தான் எழுதியதை ஒருவர் உள்வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்வதை அவள் அதுவரை அனுபவித்ததில்லை. பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வியை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், அத்தான் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தார். உடம்பு சரியில்லையோ என்று அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை மெல்ல விலக்கிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நடையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பிரஸ் லைனை மூடுறாங்க. இங்கிருந்து எடுத்துட்டு வேற எங்கேயோ கொண்டுபோறாங்களாம். ரெண்டும் என் லைன்தான். ஆளுங்க எல்லாரையும் தாங்களாவே விலகிக்கிறதா எழுதிக் கொடுக்கச் சொல்லணும். நான்தான் பேசணுமாம், ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா."

"நீங்க ஏன் பேசணும்? முடிவெடுத்தவங்க வந்து பேசட்டும்" என்றாள் அக்கா.

அத்தான் சின்னவளைப் பார்த்தார். கோபம் இல்லை. இன்னும் மோசம், ஓரமாக ஒரு கூச்சம் கலந்த பெருமை இருந்தது. "நீ வரைஞ்ச கம்பப் படத்தைத்தான் போட்டுக் காட்டினாங்கம்மா. எழுத்துதான் போட்டிருந்துச்சு, பேரு இல்லை. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுது. உசரமா நின்னது என்னோடதுதான், இல்ல?"

சின்னவள் தலையை ஆட்டினாள்.

"நம்ம ஆளுங்க அப்படியா சொல்லியிருக்காங்க!" என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது. எழுந்து போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சின்னவள் ஹெச்.ஆர். மேடத்தைப் போய்ப் பார்த்தாள். சண்டை போடத் தயாராகப் போனவளை அவர் எழுந்து நின்று வரவேற்றார். "என் ஆய்வை இதுக்குப் பயன்படுத்துவீங்கன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்று அவள் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"லைனை மூடுற முடிவு நான் எடுத்ததும் இல்லை, நீங்க எடுத்ததும் இல்லை. அது மேலேயிருந்து வந்தது. எப்படிச் சொல்றதுன்னு மட்டும்தான் எங்க கையில விட்டிருக்காங்க. போன தடவை நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம். ஒரு ஆளு அங்கேயே மயங்கி விழுந்தாரு. வலி குறையும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நான் வலியைக் குறைக்கத்தான் பாக்குறேன். வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க, நிஜமாவே கேட்டுக்குறேன்."

வேறு வழி எதுவும் சின்னவளுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் நடிக்கவில்லை என்பதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது. கெட்டவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

கைடு வேறு மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது யாருக்கும் கிடைக்காத வாய்ப்பும்மா. செய்திக்கு முன்னாடி அளந்திருக்க. செய்திக்குப் பின்னாடியும் அதே ஆளுங்களை, அதே கேள்வியை வச்சு அளந்துட்டேன்னு வை, உன் ஆய்வேடு எங்கேயோ போயிடும்."

"சார், அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்க முடியுமா?"

"வாங்கி?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "அவங்க படிச்சதை எப்படித் திரும்ப வாங்குவ?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். மாட்டேன் என்று சொல்லிவிடச் சொன்னாள் அக்கா. அத்தான் யோசிக்காமல் இல்லை. தான் மறுத்தால் பாதுகாப்பு அதிகாரியை வைத்துச் சொல்லுவார்கள், அவர் வாசலில் பையைச் சோதிக்கிற மாதிரிதான் பேசுவார், எல்லாரும் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போய் எதுவும் கிடைக்காமல் போவார்கள் என்றார். தான் பேசினால் கூடக் கொஞ்சம் பணம் வாங்கிக் கொடுக்கலாம். அதோடு, ஆறு மாதத்தில் புதிய லைன் ஒன்று வருகிறது, இப்போது விலகுகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம் என்று மேலே இருப்பவர் கையைப் பிடித்துச் சொன்னாராம்.

"எழுதிக் கொடுத்தாரா?" என்றாள் அக்கா.

"கையைப் பிடிச்சுச் சொன்னாருன்னு சொல்றேன்ல?"

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கணவர் கையைப் பிடித்து யாராவது எதையாவது சொன்னால் அவரால் நம்பாமல் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அவளே அப்படிச் சொல்லித்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவர் பேசினார். நேர்காணல் நடந்த அதே ஸ்டோர் அறையில்தான். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அவர்கள் வீட்டு நிலவரத்தை முதலில் கேட்டு, பிறகு செய்தியைச் சொன்னார். சத்தம் இல்லை, கூச்சல் இல்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுந்து போகும்போது இரண்டு பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். 'புதுமாப்பிள்ளை' என்று எல்லாரும் கேலி செய்யும் இளம் ஆபரேட்டர், "ஆறு மாசந்தானே சார், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்று இவருக்கே ஆறுதல் சொன்னானாம். ஒரு கிடங்கில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகட்டுமா வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறான். "அங்க சேர்ந்துட்டா பாதியில விட்டுட்டு வர முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் அத்தான்.

அந்த மாதம் நிறுவனத்தின் மாத இதழில் 'மனிதநேயத்தோடு ஒரு மாற்றம்' என்ற தலைப்பில் அவர் படம் வந்தது. அக்கா அதை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

சின்னவள் ஆய்வேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இரண்டாம் கட்டக் கேள்வித்தாளைக் கைடு தயாரித்து அனுப்பியும் விட்டார். அதை வைத்துக்கொண்டு வேலை போனவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் நம்பிக்கைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் கொடுங்கள் என்று கேட்பதை நினைத்ததும் அந்தக் கேள்வித்தாளை ஆய்வேட்டுக்கு அடியில் தள்ளினாள். கேட்காமல் விட்டாலும் எழுதியது எழுதியதுதான். அந்த ஒரு வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய் இல்லைதான். குறைந்த எதிர்ப்பு என்று எழுதினாள், அப்படியே நடந்தது. சொன்னபடியே நடந்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஆறு மாதம் நெருங்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை தொழிற்சாலைக்கு லாரிகள் வந்தன. மூடிக் கிடந்த பிரஸ் இயந்திரங்களைக் கழற்றி ஏற்றினார்கள். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டு இன்னும் வேலையில் இருந்த அத்தான், புதிய லைன் எப்போது என்று கேட்டதற்கு, அப்படி ஒரு திட்டம் பேச்சளவில் இருந்தது உண்மைதான், இப்போது இல்லை என்று பதில் வந்தது. கையைப் பிடித்துச் சொன்னவர் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போயிருந்தார். இதை வெளியே பேசவேண்டாம், போனவர்கள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று ஹெச்.ஆர். மேடமே கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது அவர் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தான் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் போய் ஒவ்வொருத்தர் வீட்லயும் சொல்லிட்டு வந்துடுறேன். காத்துக்கிட்டிருப்பாங்க."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சா தெரியட்டும்."

அக்கா உள்ளே போனாள். திட்டிக்கொண்டே வருவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவள் ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "நீயும் போடி. தனியா விடாதே" என்றாள்.

முதலில் கண்ணாடியம்மா வீடு. நடுப்பகல் வெயிலில் மாடிப்படியெல்லாம் துணி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே தையல் இயந்திரத்தின் மேல் யாருடைய பள்ளிச் சீருடையோ பாதியில் கிடந்தது. வாங்க சார் என்றவர், பின்னால் நின்ற சின்னவளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"என் வீட்டுக்காரியோட தங்கச்சி" என்றார் அத்தான். அதற்குமேல் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

கண்ணாடியம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அத்தான் உட்காரவில்லை.

"இனிமே கூப்பிட மாட்டாங்கம்மா. மெஷினையெல்லாம் ஏத்திட்டாங்க. நான் சொன்னது நடக்கலை. அதை என் வாயாலயே சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"தெரியும் சார்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நீங்க அன்னிக்குச் சொன்னப்பவே தெரியும். ஆறு மாசம்னு சொல்லும்போது உங்க குரல் எதிர்ல உக்காந்திருந்த எனக்கே கேக்கலை."

"அப்புறம் ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"உங்க மூஞ்சியைப் பாத்தேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்க. நான் மாட்டேன்னு எழுந்து கத்தியிருந்தா, எனக்குப் பின்னாடி வரிசையில நின்ன எல்லாரும் கத்தியிருப்பாங்க. உங்களை என்ன பண்ணியிருப்பாங்களோன்னு நினைச்சேன். அதான் போட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத முகம் வேறொருவருடையதுபோல் சின்னதாக, கடுமையாக இருந்தது. "அதை நினைச்சா இப்ப எரியுது சார். உங்களுக்காகப் பாத்தேனே, எனக்காகப் பாத்துக்கலையே. நான் கத்தியிருக்கணும்."

சின்னவள் தையல் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நம்பிக்கை என்று தலைப்பிட்டு அவள் கம்பமாக வரைந்து வைத்திருந்ததில் இதுவும் இருந்திருக்கிறது. எவ்வளவு உயரத்துக்கு நம்பிக்கை, எதற்குமேல் இரக்கம் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்பதற்கு அவளிடம் கேள்வியும் இருக்கவில்லை.

"அம்மா, அன்னிக்கு நீங்க சொன்னதை நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா. இன்னொரு தடவை என்னைக் கேள்வி கேக்காதீங்க" என்றார் கண்ணாடியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீருடையை எடுத்துத் தையலில் விட்ட இடத்தைத் தேட ஆரம்பித்தார். அவர்கள் படியிறங்கும்போது இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஸ்கூட்டரை எடுக்காமல் அத்தான் நடந்தார். அடுத்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வழியில் ஒருமுறை மட்டும் நின்று, "குரல் கேக்கலைன்னு சொல்றாங்களே... எனக்குக் கேட்டுச்சே" என்றார். பதில் எதிர்பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. திரும்பிப் போயிடலாமா என்று கேட்க வாயெடுத்த சின்னவள், அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

நீலக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது. தட்டிய சத்தம் கேட்டு அது நின்றது. கதவைத் திறந்தவன் புதுமாப்பிள்ளை. பனியனும் ஈரக் கையுமாக வந்தவன் ஒரு நிமிடம் நம்பமுடியாமல் பார்த்தான். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. கையைப் பனியனிலேயே துடைத்துக்கொண்டு, அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"வாங்க சார், வாங்க, உள்ள வாங்க!" என்றவன், கையை விடாமலே கழுத்தை மட்டும் வீட்டுக்குள் திருப்பிக் கத்தினான். "ஏய், இங்க வந்து பாரு! நான் சொன்னேனா இல்லையா? சார் வந்துட்டாரு!"

உள்ளேயிருந்து அவசரமாக ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது.